தோட்டா முதலில், துப்பாக்கி பிறகு

தலைப்பைப் பார்த்ததும், மளிகைக் கடைக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நம் உறுப்பினர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. முதலில் நம் சொந்த நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் பருப்பு, மிளகாய்ப் பொட்டலங்களுக்கு லேபிள் அடிக்க ஒரு மெஷின் வாங்கினோம். விலை குறைவு, பார்வைக்கு அழகு. லேபிள் சுருள் மட்டும் அந்தக் கம்பெனியின் டப்பாவில் அடைத்து வந்ததாக இருக்க வேண்டும். வேறு எதைப் போட்டாலும் மெஷின் ஏற்காது. முதல் வருடம் கேட்ட மறுநாளே சுருள் வந்தது. இரண்டாம் வருடம் விலை ஏறியது. மூன்றாம் வருடம் விற்றவரே அந்தத் தொழிலை விட்டுவிட்டார். மெஷினில் இன்றுவரை ஒரு திருகாணிகூடப் பழுதில்லை. ஆனால் அது பரணில் கிடக்கிறது. தீனி கிடைக்காத மாடு எவ்வளவு நல்ல சாதியாக இருந்து என்ன பயன்?

நாம் செய்த இந்தத் தவறைச் செய்யக்கூடாது என்று வெகு காலமாகச் சொல்லி வரும் தொழில் ஒன்று உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் பழைய ரைஃபிளை வாங்கி, வாடிக்கையாளர் விருப்பப்படி மாற்றிக் கட்டிக் கொடுக்கும் கைவினைஞர்களின் தொழில் அது. நம் நாட்டில் அப்படிச் செய்ய இடமில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2019இல் திருத்தப்பட்ட பிறகு, ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக உரிமமின்றி மாற்றுவதையும் தடுக்கிறது. ஆகவே துப்பாக்கி நமக்கு வேண்டாம்; அதிலுள்ள வியாபாரப் பாடம் மட்டும் வேண்டும்.

எதை முதலில் தேர்ந்தெடுப்பது?

ரைஃபிளை மாற்றிக் கட்டுவதில் இரண்டு முடிவுகள் முக்கியமானவை. ஒன்று, எந்தத் தோட்டா. மற்றொன்று, எந்த ஆக்‌ஷன். ஆக்‌ஷன் என்பது தோட்டாவை உள்ளே தள்ளி, பின்பக்கம் பூட்டி, சுட்ட பிறகு வெறும் கூட்டை வெளியே இழுத்துப் போடும் இரும்புப் பகுதி. துப்பாக்கியின் உடம்பே அதுதான். குழலைக் கழற்றி வேறு மாட்டலாம். கட்டையைப் புதிதாகச் செதுக்கலாம். ஆக்‌ஷனின் அளவை மட்டும் நினைத்தபடி மாற்ற முடியாது.

புதிதாக வருபவர்கள் மலிவாகக் கிடைத்த ஆக்‌ஷனை முதலில் வாங்கிவிட்டு, பிறகுதான் என்ன தோட்டா போடலாம் என்று யோசிப்பார்கள். அனுபவப்பட்ட கைவினைஞர் தலைகீழாகக் கேட்பார்: எதற்காக வேண்டும்? அதற்கு எந்தத் தோட்டா போதும்? அந்தத் தோட்டா உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகே அந்தத் தோட்டாவின் நீளத்துக்கும், அடிப்பகுதியின் அகலத்துக்கும், அழுத்தத்துக்கும் பொருந்தும் ஆக்‌ஷனைத் தேடுவார். .308 தோட்டா ஏறக்குறைய 71 மி.மீ. நீளம். .30-06 தோட்டா 85 மி.மீ. யானை வேட்டைக்கென்று லண்டன் ரிக்பி கம்பெனி கொண்டுவந்த .416 தோட்டா 95 மி.மீ. ஜெர்மனியில் மவுசர் 1898ஆம் ஆண்டு மாடலின் சாதாரண ஆக்‌ஷன் முதல் இரண்டையும் கொள்ளும். மூன்றாவதற்கு அதைவிட நீளமான தனி ஆக்‌ஷன் வேண்டும். அதன் விலையும் தனி.

பெயர் வேறு, சரக்கு ஒன்று

ஜிம் கார்பெட்டை நம்மில் பலர் அறிவோம். குமாவுன் மலையில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். அந்த .275 என்பது என்ன? ஜெர்மானியர் 1892இல் ராணுவத்துக்காக உருவாக்கிய 7 மி.மீ. மவுசர் தோட்டாவேதான். லண்டன் கடைக்காரர் அதற்கு ஆங்கில அளவில் ஒரு பெயர் சூட்டி விற்றார். பெயர் மாறினாலும் அளவு மாறவில்லை. ஆகவே மவுசர் தோட்டா கிடைக்கிற எந்த நாட்டிலும் அந்த ரைஃபிளுக்குத் தீனி கிடைத்தது. நூறு வருடம் தாண்டியும் அந்தத் தோட்டா விற்பனையில் இருக்கிறது.

பெயர் மாற்றி விற்பதை நாம் குறை சொல்ல மாட்டோம். மொத்த வியாபாரத்தில் நடக்காததா? உள்ளே இருக்கும் சரக்கு பொதுச் சரக்காக இருக்கிறதா என்பதே கேள்வி. நம் மெஷினில் பெயர் மட்டும் தனியாக இருக்கவில்லை, சுருளும் தனியாக இருந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

ஓர் உத்தரவு போதும்

அதே 1907இல் இன்னொரு சம்பவம். .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் அதே குழல் அளவு. வேட்டைக்காரருக்கு வரும் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம். அன்று யானை, காட்டெருமை வேட்டைக்கு .450தான் பேர்பெற்ற அளவு. இந்தியாவோ லண்டன் துப்பாக்கிக் கடைகளுக்குப் பெரிய சந்தை. ஒரே உத்தரவில் சந்தை அடைபட்டது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. தடைக்குச் சற்றே தள்ளி .465, .470, .475, .476 என்று ஆளுக்கு ஓர் அளவைப் பிடித்துக்கொண்டார்கள். வேலையில் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் காலப்போக்கில் நிலைத்தது .470. காரணம், அது ஒரே கடையின் சொத்தாக இருக்கவில்லை. பல துப்பாக்கிக் கம்பெனிகள் அந்தத் தோட்டாவுக்கு ரைஃபிள் செய்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைனாக் என்ற பெரிய தோட்டாக் கம்பெனி இந்த வகைகளின் தயாரிப்பை நிறுத்தியபோது, அபூர்வ அளவு வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். பல பேர் பயன்படுத்துவது பிழைக்கும், ஒருவர் மட்டும் விற்பது அவரோடு போகும் என்பதுதான் இதில் பாடம்.

அரசு உத்தரவால் இருப்பு வீணாவது நமக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை 2018 ஜூனில் அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இடையே ஏறத்தாழ ஏழு மாதம் இருந்தது. அப்படியும் கடைப்பெயர் அச்சடித்த கேரி பேக்கை மூட்டை மூட்டையாக வைத்திருந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். பெயர் அச்சடிக்காத சரக்கையாவது வேறு வழியில் தள்ளலாம். நம் பெயர் போட்டதை யார் வாங்குவார்?

சீவினால் வரும் செலவு

மலிவான ஆக்‌ஷனில் பெரிய தோட்டாவை நுழைக்க முயல்பவர்கள் எப்போதும் உண்டு. 91 மி.மீ. நீளமுள்ள .375 தோட்டாவைச் சாதாரண மவுசரில் போட வேண்டுமானால் தோட்டாப் பெட்டியை நீட்ட வேண்டும். போல்ட்டின் முகத்தைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். தோட்டா ஏறிவரும் சரிவைச் சீவ வேண்டும். அந்தச் சரிவுக்குப் பின்னால் இருக்கும் இரும்புதான் போல்ட்டின் கீழ்ப் பூட்டுமுளையைத் தாங்குகிறது. அளவுக்கு மேல் சீவினால் முகத்துக்கு அருகே வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடமே மெலிந்துபோகும். கூலியையெல்லாம் கூட்டிப் பார்த்தால், முதலிலேயே நீள ஆக்‌ஷன் வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1956இல் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி, சாதாரண நீள ஆக்‌ஷனில் அடங்க வேண்டும் என்பதற்காகவே .458 தோட்டாவைக் குட்டையாகச் செய்தது. விலை குறைந்த ரைஃபிளில் போடலாம் என்பதால் நன்றாக விற்றது. ஆனால் மருந்துக்கு இடம் நெருக்கடி. அமுக்கி அடைத்த மருந்து சரியாக எரியாமல் வேகம் குறைகிறது என்று ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் புகார் சொன்னார்கள். படிக்குள் அடங்காத அரிசியை எவ்வளவு அமுக்க முடியும்?

இரண்டையும் ஒழுங்காகச் செய்ததற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, 1962 சீனப் போருக்குப் பிறகு, பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிளை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்பத் தயாரித்தது. புதிய தோட்டாவின் அழுத்தம் அதிகம். ஆகவே குழலை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்காமல் இரும்பின் தரத்தையே உயர்த்தினார்கள். உரிமம் பெற்ற பொதுமக்களுக்கு ராணுவத் தோட்டாவை விற்க முடியாது; அவர்களுக்கு அதே அமைப்பில் .315 அளவு ரைஃபிள் செய்து கொடுத்தார்கள். சட்டம் எதை அனுமதிக்கிறது, எந்தத் தோட்டா கிடைக்கும் என்று பார்த்து உடம்பை அமைத்திருக்கிறார்கள்.

முத்திரை இல்லாமல் மாற்றம் இல்லை

பிரிட்டனில் குழல் மாற்றிய துப்பாக்கியை அப்படியே விற்க முடியாது. லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில், வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமான தோட்டாவைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். பர்மிங்காம் சாலை 1813இலிருந்து இதைச் செய்துவருகிறது.

நம் தராசுக்கும் இதே நியாயம்தான். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் நடுவில் பழுது பார்த்தாலும் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி மீண்டும் முத்திரை பெற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். தெரிந்த பையன் வந்து உள்ளே ஏதோ ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். தராசு ஓடும். சோதனைக்கு வரும்போது முத்திரை உடைந்திருக்கும். எடை சரியாகவே இருந்தாலும் குற்றம் நம் தலையில். மாற்றுவதற்கு ஆன செலவில் முத்திரைச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரையே அழைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கடைக்கு எந்த மெஷின் வாங்கினாலும் மூன்று கேள்விகள் கேட்போம். ஒன்று, இது தின்னும் பேப்பரோ சுருளோ ரிப்பனோ இவரைத் தவிர வேறு இரண்டு கடைகளிலாவது கிடைக்குமா? பில் அடிக்கும் மெஷின் என்றால் நாம் 2 அங்குலம், 3 அங்குலம் என்று சொல்லும் சாதாரண ரோலை ஏற்கிறதா? இரண்டு, நம் வேலைக்கு இது போதுமா, அல்லது வாங்கிய பிறகு சீவிச் சேர்க்க வேண்டியிருக்குமா? மூன்று, பழுது பார்க்கவும் முத்திரை பெறவும் வருடத்துக்கு எவ்வளவு ஆகும்? விற்பவர் வாயால் சொல்வது போதாது. பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குவோம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு மெஷின் வாங்குவதால் பேரம் பேசும் பலம் நமக்கு இல்லாமல் போகிறது. ஒரே அளவு ரோல் போடும் மெஷின்களை உறுப்பினர்கள் வாங்கினால், ரோலைச் சங்கமே மொத்தமாகக் கொள்முதல் செய்து கொடுக்க முடியும். ஒரு கடையில் தீர்ந்தால் பக்கத்துக் கடையில் கடன் வாங்கலாம். ஒருவர் வியாபாரத்தை விட்டாலும் அவர் மெஷினை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். .470 பிழைத்த வழி அதுதான். இதை அடுத்த பொதுக்குழுவில் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நம் பரணில் கிடக்கும் மெஷினை இரும்புக் கடைக்குப் போட மனம் வரவில்லை. மெஷின் விற்கும் பிரதிநிதி யாராவது பையோடு கடைக்குள் நுழைந்தால் ஒருமுறை அண்ணாந்து அதைப் பார்த்துக்கொள்கிறோம். பிறகுதான் விலை கேட்கிறோம்.