முகிலனை விரிவானத்தில் சேருங்கள்

மாண்புமிகு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

எங்கள் ஆரல்வாய்மொழியில் விடியுமுன்பே ரோட்டோரம் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது வைக்கிற 1600 மீட்டர் ஓட்டத்துக்கான பயிற்சி அது. கார்கில் போரில் உயிர்கொடுத்த ஒரு தமிழர் பெயரைச் சொல்லுங்கள் என்று ஒருநாள் அவர்களிடம் கேட்டேன். மேஜர் சரவணன் என்றான் ஒருவன். திருச்சியில் அவருடைய நினைவுச்சின்னத்தைப் பார்த்திருக்கிறானாம். மனம் நிறைந்தது. ஃப்ளைட் லெப்டினன்ட் சுப்பிரமணியம் முகிலன் யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. சரவணன் விழுந்தது 1999 மே 29. முகிலன் விழுந்தது அதற்கு முந்தின நாள்.

அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். மே 26 அன்றுதான் விமானப்படை ‘சஃபேத் சாகர்’ என்ற பெயரில் போரில் இறங்கியது. மறுநாளே இரண்டு போர் விமானங்களை இழந்தோம். ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா உயிரிழந்தார், இன்னொரு விமானி நச்சிகேதா பாகிஸ்தானிடம் சிறைப்பட்டார். அடுத்த நாள் காலை, இதையெல்லாம் அறிந்த பிறகுதான், சர்சாவா தளத்தின் 152-ஆம் ஹெலிகாப்டர் பிரிவு எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களில் ராக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு தோலோலிங் மலைக்குப் புறப்பட்டது. ‘நுப்ரா’ என்பது அந்த அணிக்கு வைத்த பெயர். அதில் ஒன்றில் ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர், முகிலன், சார்ஜன்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜன்ட் ஆர்.கே. சாஹு ஆகிய நால்வரும் இருந்தார்கள்.

தோலோலிங் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. எங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயின் இருபக்க மலையிலும் எதிரி பீரங்கியோடு ஏறி உட்கார்ந்துகொண்டால் நாகர்கோவிலுக்கு ஒரு லாரி வந்து சேர முடியுமா? தோலோலிங்கிலிருந்து பார்த்தால் ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலை அப்படித்தான் காலடியில் கிடக்கிறது. எங்களுக்குப் பக்கத்துக் காவல்கிணறு வழியாகப் போகிற 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையின் மறுமுனையும் அதே ஸ்ரீநகர்தான்.

மலையின் உயரம் ஏறக்குறைய 15,000 அடி. அங்கே காற்று மெலிந்துவிடும். இறக்கைகள் எவ்வளவு சுழன்றாலும் தூக்கும் பலம் குறைவு. சட்டென்று ஏறவோ ஒடித்துத் திரும்பவோ முடியாது. எங்களுக்குப் பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் வேகமெடுப்பதும் மே கடைசியில்தான். மலை இடுக்கில் புகுந்து வருகிற காற்றின் மூர்க்கம் எங்களுக்குப் பழக்கம் என்பதால், அந்த உயரத்தில் கனத்த ஹெலிகாப்டரைக் குறி தவறாமல் ஓட்டிய கைகளை எண்ணி வியக்கிறேன்.

ராக்கெட்டுகளைப் பாய்ச்சி முடித்தார்கள். திரும்பும்போதுதான் கீழிருந்து ஸ்டிங்கர் ஏவுகணை வந்தது. தோளில் வைத்துச் சுடுகிற ஆயுதம் அது. எஞ்சினின் சூட்டைத் தேடிக்கொண்டு பாயும். அதை ஏமாற்ற, சுடர்விட்டு எரியும் வெப்பக் குண்டுகளை விமானத்திலிருந்து உதிர்ப்பார்கள். எஞ்சினைவிடச் சூடான அந்த நெருப்பின் பின்னால் ஏவுகணை போய்விடும். மற்ற ஹெலிகாப்டர்களில் அவற்றை உதிர்க்கும் கருவி இருந்தது. முகிலன் பறந்ததில் இல்லை. ஏவுகணை அதைத் தாக்கியது. நால்வரும் மாண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் போரில் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்புவதை விமானப்படை நிறுத்திக்கொண்டது. தோலோலிங் ஜூன் 13 அன்று நம் காலாட்படையின் கைக்கு வந்தது. நால்வருக்கும் வீரச்செயலுக்கான வாயுசேனா பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அமைச்சர் அவர்களே, நான் சிலை கேட்கவில்லை. தெருவுக்குப் பெயர் வைக்கவும் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில், விரிவானம் பகுதியில், நான்கு பக்கம் கேட்கிறேன். உறவையோ ஊரையோ சாதியையோ மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. தமிழர் என்பதற்காக முகிலனை மட்டும் தனியே பிரித்து எழுதவும் வேண்டாம். ஒரே எந்திரத்தில் ஏறி ஒன்றாக விழுந்தவர்கள் அவர்கள். பாடத்திலும் நான்கு பெயர்களும் சேர்ந்தே இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். இதைச் சிலர் விரும்பமாட்டார்கள். அந்த ஹெலிகாப்டரில் வெப்பக் குண்டுக் கருவி இல்லை என்பதைப் பாடம் மறைக்கக் கூடாது. ‘வீர மரணம்’ என்று முடித்துவிட்டால் பிள்ளைகள் கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அனுப்பியவர்கள் கொடுத்திருக்க வேண்டிய ஒன்று அந்த நால்வரிடம் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைதான், நாளைக்கு அதிகாரியாகவோ பொறியாளராகவோ ஆகும்போது, யாரையும் வெறுங்கையோடு அனுப்பத் தயங்குவான். ரோட்டோரம் ஓடுகிற பையன்களுக்கும் நாம் பட்டிருக்கிற கடன் இது. அவர்கள் எதற்காக ஓடுகிறார்களோ, அதன் முழு விலையையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாடம் எழுத எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2024 ஜூலையில், வெற்றியின் வெள்ளிவிழாவின்போது, சர்சாவா தளத்தில் விமானப்படைத் தளபதியே வந்து மலர்வளையம் வைத்தார். அங்கே ஆவணங்கள் இருக்கும். 1999இல் அந்தப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் இருப்பார்கள். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்திலிருந்து இரண்டு பேரை அனுப்பி, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த திருத்தப் பதிப்பு அச்சுக்குப் போகுமுன் இதைச் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டம்.