கருவி உண்டு, உதிரிப் பாகம் எங்கே?

பொருளை வாங்கியவனுக்கு அதைப் பழுது பார்க்கும் உரிமையும் வேண்டும் என்ற பேச்சு டெல்லியில் சில ஆண்டுகளாக நடக்கிறது. மத்திய நுகர்வோர் துறை இதற்காக 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கையும் அது முதலில் எடுத்துக்கொண்டது. 2025 மே மாதம் அறிக்கை தந்த மற்றொரு குழுவும் செல்போன், மின்னணுப் பொருள்களைப் பற்றியே ஆராய்ந்தது.

பட்டறைக் கருவிகளுக்கு இந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. டிரில்லையும் கிரைண்டரையும் நம்பிப் பிழைப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. செல்போன் கெட்டால் பேச்சு நிற்கும். கிரைண்டர் கெட்டால் அன்றைய கூலியே நின்றுவிடும்.

சிறு துண்டு, பெரிய செலவு

இந்தக் கருவிகளில் முதலில் தேய்வது கார்பன் பிரஷ். விலை சொற்பம்தான். தேய்ந்ததை உடனே மாற்றாவிட்டால் தீப்பொறி பறக்கும். கம்யூட்டேட்டர் கீறல் விழும். கடைசியில் ஆர்மேச்சர் எரியும். பிறகு ரீவைண்டிங் கடைக்கு அலைய வேண்டும், அல்லது புதிய கருவிக்குப் பணம் தேட வேண்டும்.

பேரிங் விஷயத்தில் இந்தத் தொல்லை இல்லை. 608 என்ற எண்ணைச் சொன்னால் போதும். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர் என்பது எந்தக் கம்பெனிக்கும் ஒன்றே. ஆனால் ஸ்விட்சும் ஆர்மேச்சரும் மாடலுக்கு மாடல் மாறுகின்றன. மாடல் நின்றால் பாகமும் நின்றுவிடுகிறது.

அப்போது பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோடு போன்ற கடைத்தெருக்களில் கிடைக்கும் மாற்றுப் பாகம்தான் கதி. அவற்றில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும் கிரைண்டரில் மட்டமான பாகம் உயிருக்கே ஆபத்து.

பாட்டரியில் ஓடும் புதிய கருவிகள் பலவற்றில் கார்பனே கிடையாது. ஆனால் அவற்றின் மின்னணுப் பலகை கெட்டால் தெருமுனைக் கடையில் செய்து தர முடியாது. ஒரு கம்பெனியின் பாட்டரி பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்துவதும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பலர் அறியாத ஒரு விளக்கம் உண்டு. வியாபாரத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே கருவி வாங்கியவர் நுகர்வோர்தான். சொந்தமாகத் தொழில் செய்யும் தச்சரும் வெல்டரும் பில் வைத்திருந்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆகவே பில் இல்லாமல் கருவி வாங்குவது கூடாது.

செய்ய வேண்டியது

வழக்கில் வென்றாலும் கடையில் பாகம் வந்துவிடாது. நான்கு துறைகளுடன் பட்டறைக் கருவிகளையும் ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும். பாகங்களின் பட்டியல், விலை, எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற உறுதி ஆகிய மூன்றையும் கம்பெனிகள் வெளியிட வேண்டும்.

கைக்கருவி, மின்கருவி ஏற்றுமதியைப் பத்தாண்டில் 2,500 கோடி டாலருக்கு மேல் உயர்த்தலாம் என்று 2025 ஏப்ரலில் நிதி ஆயோக் கூறியது. வெளிநாட்டுக்காரர் வாங்கும் முன் உதிரிப் பாகம் கிடைக்குமா என்றுதான் கேட்பார். அவருக்குத் தரும் உறுதியை பீனியா தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கும் தருவதே நியாயம்.