விஸ்கி தீவுக்கு ஒரு வாரப் பயணம்: விமான டிக்கெட்டைக் கடைசியில் போடுங்கள்!

"டிக்கெட் செம சீப்பா இருக்கு மச்சி, போட்டுடலாமா?"

வெளிநாட்டுப் பயணங்கள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் விழும். பத்தே நிமிடத்தில் நான்கு பேரும் பணத்தைக் கட்டிவிடுவார்கள். எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்பதெல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்".

சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ போவதென்றால் இந்த வழி ஓரளவு செல்லும். ஒரு ஹோட்டல் இல்லையென்றால் இன்னொன்று, ஒரு மியூசியம் மூடியிருந்தால் பக்கத்துத் தெருவில் வேறொன்று. ஆனால், ஒரே ஒரு இடத்தைப் பார்ப்பதற்காகவே போகும் குறுகிய பயணத்தில் இந்த வரிசை தலைகீழானது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் 'ஐலா' தீவு அதற்குச் சரியான உதாரணம்.

ஐலாவில் அப்படி என்ன இருக்கிறது?

விஸ்கி பிரியர்கள் "புகை வாசனை விஸ்கி" என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தீவின் சரக்கைத்தான். முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது 'பீட்' எனப்படும் சதுப்பு நிலக் கரியை எரிப்பார்கள். அந்தப் புகைதான் வாசனைக்குக் காரணம். 1779-ஆம் ஆண்டைத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் போமோர் முதல், 2005-இல் தொடங்கிய கில்ஹோமன் வரை ஏறத்தாழ பத்து டிஸ்டில்லரிகள் இங்கே இருக்கின்றன. 1983-இல் மூடப்பட்ட போர்ட் எலன் டிஸ்டில்லரி, 41 ஆண்டுகள் கழித்து 2024-இல் மறுபடி திறக்கப்பட்டது.

தீவின் பரப்பு சுமார் 620 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைவிடப் பெரியது. ஆனால், அங்கு வசிப்பவர்கள் ஏறத்தாழ 3,000 பேர்தான். நம்மூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் கூட்டம் அவ்வளவுதான். சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. உலகம் முழுவதும் பெயர் தெரிந்த ஊர், ஆனால் தங்குவதற்கான அறைகளோ கொஞ்சம்.

எதை முதலில் பதிவு செய்ய வேண்டும்?

எது குறைவாக இருக்கிறதோ அதை முதலில் பிடிக்க வேண்டும். விமான இருக்கை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஐலாவில் அறைகள் மிகக் குறைவு. டிஸ்டில்லரிக்குள் போகும் ஒரு குழுவில் சேர்க்கப்படுபவர்கள் கொஞ்சம் பேர்தான். சேமிப்புக் கிடங்கில் பீப்பாயிலிருந்து நேரடியாக எடுத்துச் சுவைக்கத் தரும் சிறப்புச் சுற்று என்றால் இடம் இன்னும் குறைவு.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் டிஸ்டில்லரி, பிறகு அறை, பிறகு தீவுக்குப் போகும் கப்பல் அல்லது சிறு விமானம், கடைசியாகத்தான் சென்னையிலிருந்து புறப்படும் விமானம்.

"அதுக்குள்ள டிக்கெட் விலை ஏறிடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏறலாம், சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகலாம். ஆனால், விலை ஏறிய டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கிவிட முடியும். நிரம்பிவிட்ட அறையை எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாது. தவிர, இந்த நான்கையும் நான்கு மாதம் இடைவெளி விட்டுச் செய்யத் தேவையில்லை. ஒரே மாலையில் உட்கார்ந்து செய்துவிடலாம். மாற வேண்டியது வரிசை மட்டும்தான்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மே மாதக் கடைசியில் 'ஃபெஷ் ஈலே' என்ற விஸ்கி, இசைத் திருவிழா நடக்கிறது. அந்த வாரத்துக்கான அறைகள் வெகு முன்பே தீர்ந்துவிடும். கோடையில் சில டிஸ்டில்லரிகள் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் உற்பத்தியை நிறுத்தி வைக்கும். அப்போது போனால் கடை திறந்திருக்கும், ஆனால் கொதிகலன் குளிர்ந்து கிடக்கும். குளிர்காலத்தில் சுற்றுகளின் எண்ணிக்கை குறையும், புயலும் கூடும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.

தீவுக்கு எப்படிப் போவது?

சென்னையிலிருந்து கிளாஸ்கோவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகவோ லண்டன் வழியாகவோ போகலாம். கிளாஸ்கோவிலிருந்து ஐலாவுக்கு இரண்டு வழிகள். ஒன்று, சிறிய விமானம். சுமார் முக்கால் மணி நேரம். இன்னொன்று, கென்னக்ரெய்க் துறைமுகம் வரை மூன்று மணி நேரத்துக்கும் மேல் பேருந்து, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கப்பல்.

கப்பல் தீவின் இரண்டு துறைமுகங்களில் ஒன்றுக்கு வரும். தெற்கே போர்ட் எலன், வடகிழக்கே போர்ட் அஸ்கெய்க். இதைப் பார்க்காமல் அறை போட்டால், இறங்கியதும் தீவின் மறுமுனைக்கு வண்டி தேட வேண்டியிருக்கும்.

காற்று அடித்தால் கப்பல் நிற்கும். மூடுபனி விழுந்தால் சிறு விமானம் நிற்கும். தீவுக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். எண்ணி ஐந்து நாள் லீவு வாங்கி வந்தவருக்குத்தான் இடி.

"காலையில தீவுல கிளம்பி, மத்தியானம் கிளாஸ்கோவுல இன்டர்நேஷனல் ஃப்ளைட் பிடிச்சுடலாம்" என்று போடும் கணக்குதான் இந்தப் பயணத்தின் மிகப் பெரிய ஆபத்து. தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகள் என்றால், முதல் பயணம் ரத்தானதற்கு இரண்டாவது விமான நிறுவனம் பொறுப்பேற்காது. திரும்பும் டிக்கெட் காலி. கடைசி நிமிடத்தில் புது டிக்கெட் வாங்கினால், முதலில் மிச்சம் பிடித்த தொகை எந்த மூலைக்கு? தீவிலிருந்து திரும்பிய பிறகு கிளாஸ்கோவில் ஓர் இரவு தங்குவது ஆடம்பரம் அல்ல, அதுதான் இந்தப் பயணத்தின் உண்மையான இன்ஷூரன்ஸ்.

கார் வாடகைக்கு எடுக்கலாமா?

இந்தியர்கள் பலர் செய்யும் அடுத்த தவறு இது. இங்கிலாந்தில் வாகன ஓட்டிகளுக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் அது 50 மில்லிகிராம்தான். சுவைப்பதற்காக அவ்வளவு தூரம் போய்விட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதில் என்ன லாபம்? ஓட்டுநராக வருபவருக்குச் சுவைக்கும் பங்கைச் சிறு குப்பியில் அடைத்துக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல டிஸ்டில்லரிகளில் இருக்கிறது. அதை வாங்கி அறைக்குக் கொண்டுபோகலாம். "கொஞ்சம்தானே" என்று ஓட்டக் கூடாது.

இதைவிட நல்ல வழி காலடியிலேயே இருக்கிறது. போர்ட் எலனிலிருந்து கடற்கரையை ஒட்டி லஃப்ராய்க், லகவூலின், அர்ட்பெக் என்று மூன்று டிஸ்டில்லரிகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றையும் இணைக்கும் நடைபாதை சாலையை ஒட்டியே போகிறது. கடைசி வரை சுமார் ஐந்து, ஆறு கிலோமீட்டர். மெரினாவில் காலை நடை போகிறவர்களுக்கு இது பெரிய தூரமில்லை. போர்ட் எலனில் அறை எடுத்தால் காரே தேவையில்லை.

இதில் தீவுக்காரர்களின் நலனும் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் குடும்பத்தின் காரும், கடைக்குச் சாமான் கொண்டுவரும் லாரியும், விஸ்கி ஏற்றிப்போகும் டேங்கரும் அதே கப்பலின் வாகனத் தளத்தில்தான் இடம் பிடிக்க வேண்டும். சுற்றுலாப் பயணி கால்நடையாக ஏறினால், அந்த இடம் தேவைப்படுகிறவருக்குப் போகும்.

ஒரு நாளில் எத்தனை டிஸ்டில்லரி?

ஒன்று போதும். அதிகபட்சம் இரண்டு. நவகிரக யாத்திரை பஸ் மாதிரி ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றினால், மூன்றாவது இடத்தில் நாக்கும் மூக்கும் வேலை செய்யாது. செய்முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: முளைகட்டுதல், உலர்த்துதல், சர்க்கரையை வெந்நீரில் இறக்குதல், நொதிக்கவிடுதல், செம்புக் கலனில் இரண்டு முறை காய்ச்சி வடித்தல், பிறகு ஓக் மரப் பீப்பாய். ஸ்காட்லாந்தில் குறைந்தது மூன்று ஆண்டுகள் பீப்பாயில் இருந்தால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச். வித்தியாசம் நுணுக்கங்களில் இருக்கிறது. உதாரணமாக, தரையில் பார்லியைப் பரப்பிக் கையால் கிளறி முளைகட்டும் பழைய முறையை லஃப்ராய்க், போமோர், கில்ஹோமன் போன்ற சில இடங்கள்தான் இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. முதல் முறை போகிறவர்கள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். இது ஒரு தொழிற்கூடம். செம்புக் கலன்களையும், ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் காற்றில் கரைந்துபோகும் பீப்பாய்க் கிடங்கையும் பார்க்க யாரும் ஒரு சொட்டுக்கூட அருந்த வேண்டியதில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் மட்டும் வயது வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசாவும் பாட்டிலும்

இந்தியர்களுக்கு பிரிட்டன் விசா கட்டாயம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும், சீசனில் கூடலாம். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய பதிவுகளையே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். திருப்பித் தர முடியாத மலிவு டிக்கெட்டை முதலில் வாங்கியவர் இங்கேயும் மாட்டிக்கொள்கிறார்.

திரும்பும்போது வரியில்லாமல் ஒருவர் இந்தியாவுக்குள் கொண்டுவரக்கூடிய மது இரண்டு லிட்டர். டிஸ்டில்லரியில் வாங்கிய பாட்டிலைக் கைப்பையில் வைக்க முடியாது. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

அப்படியானால் ஒரு வாரம் போதுமா?

போதும், பேராசைப்படாவிட்டால். இரண்டு வார இறுதிகளையும் சேர்த்தால் ஐந்து நாள் லீவில் ஒன்பது நாள் கிடைக்கும். போக வர விமானத்துக்கு இரண்டு நாள், கிளாஸ்கோவில் முன்னும் பின்னும் ஓர் இரவு, தீவில் நான்கு இரவு. அந்த நான்கில் ஒரு நாளை எதுவும் எழுதாமல் காலியாக விட வேண்டும். கப்பல் ஒரு நாள் தாமதமானால் அந்த நாள் அதை ஏந்திக்கொள்ளும். தாமதமாகாவிட்டால் கடற்கரை இருக்கிறது.

நடுத்தரக் குடும்பத்துக்காரர் ஒருவருக்கு இப்படி ஒரு பயணம் பல வருடச் சேமிப்பு. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், எதைப் பார்க்கப் போனோமோ அதைப் பார்க்காமல் திரும்புவதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. அடுத்த முறை குழுவில் அந்த ஸ்கிரீன்ஷாட் விழும்போது, யாராவது ஒருவர் திருப்பிக் கேட்க வேண்டும்: "அங்க ரூம் இருக்கா, முதல்ல பாரு."