கார் அலாரம் கத்தினால் யார் எழுந்து வருகிறார்கள்?

கம்ப்யூட்டர் இதழில் கார் அலாரத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கடையில் தனியாக வாங்கிப் பொருத்தும் அலாரமும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். கதவு ஸ்விட்ச், பானெட் ஸ்விட்ச், அதிர்வு சென்சார் எல்லாம் அதற்கு இன்புட். சைரனும் இண்டிகேட்டர் விளக்குகளும் அவுட்புட். டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கறுப்புப் பெட்டிதான் சிபியு.

என் பழைய காரில் ஒரு கடையில் அலாரம் மாட்டிக் கொண்டேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஒரு மாதம் பெருமையாக இருந்தது. பிறகு நள்ளிரவில் கத்த ஆரம்பித்தது. பூனை குதித்தாலும் கத்தல், லாரி போனாலும் கத்தல். முதல் இரண்டு இரவுகள் நானும் எதிர் வீட்டுக்காரரும் இறங்கி ஓடி வந்தோம். அதன் பின் மாடியில் இருந்தபடியே ரிமோட்டை அமுக்கிவிட்டுப் படுத்துக் கொள்வேன். ஓர் இரவும் அப்படித்தான் அமுக்கினேன். காலையில் போய்ப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது; உள்ளே இருந்த ஸ்டீரியோவைக் காணோம். ரிமோட்டை அமுக்கியதில் சென்ட்ரல் லாக்கையும் நானே திறந்து கொடுத்திருக்கிறேன்!

அதனால்தான் சொல்கிறேன், பொய்யாகக் கத்தும் அலாரத்தை விட அலாரமே இல்லாத கார் மேல். கடைக்குப் போனால் சைரன் எவ்வளவு சத்தம் போடும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். சென்சாரை எங்கே, எப்படிப் பொருத்துவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என் காரில் அதை ஒயர் கட்டோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் காரின் உறுதியான பாகத்தில் அசையாமல் பொருத்த வேண்டும். அதன் மேல் உள்ள சின்னத் திருகைத் திருப்பி உணர்திறனைக் குறைக்கலாம் என்பதைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

கோளாறு கண்டுபிடிக்கும் முறை நமக்குப் பழகியதுதான். கம்ப்யூட்டர் பூட் ஆகாவிட்டால் மதர்போர்டு எத்தனை பீப் கொடுக்கிறது என்று எண்ணுகிறோம் அல்லவா? அதேபோல் பல அலாரங்களில், கத்தி முடித்த பிறகு ரிமோட்டை அமுக்கினால் எல்.ஈ.டி. சில முறை மினுக்கும். எத்தனை மினுக்கலுக்கு எந்த இன்புட் என்பது மேனுவலில் இருக்கும். மேனுவலைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அது இல்லையென்றால், ராம் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது போல, இன்று சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு இரவு விட்டுப் பாருங்கள். அப்போதும் கத்தினால் கதவு, பானெட் ஸ்விட்சுகளைப் பாருங்கள். மழை நாளில் மட்டும் கத்துகிறதென்றால் பெரும்பாலும் துரு ஏறிய பானெட் ஸ்விட்சாக இருக்கும். எதற்கும் அடங்காமல் விசித்திரமாக நடந்து கொண்டால் எர்த் ஒயரைச் சோதியுங்கள். பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டிருப்பார்கள்.

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? மல்டிமீட்டர் எடுங்கள். முழுதாக சார்ஜ் ஆன பேட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். நிறுத்தி வைத்த கார் மொத்தமாக 50 மில்லி ஆம்பியருக்குள் எடுத்தால் நல்லது. அந்த அளவிலேயே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் போய்விடும். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால், மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாதிக்கு மேல் காலி. ஒயர்களைத் தொடும் முன் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்கினுடையவை, அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

ரிமோட்டையும் விசாரியுங்கள். மலிவான சிலவற்றில் எப்போதும் ஒரே கோடுதான். பாஸ்வேர்டைத் தினமும் தெருவில் உரக்கச் சொல்வது மாதிரி. பதிவு செய்து திருப்பிப் போட்டால் கதவு திறந்துவிடும். ஒவ்வொரு முறையும் மாறும் ரோலிங் கோடு உள்ளதையே கேளுங்கள். அதுவும் அசைக்க முடியாததல்ல. பரவலாகப் பயன்பட்ட கீலாக் என்ற முறையை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள்.

காரைக் காப்பதில் என் ஓட்டு இம்மொபிலைசருக்குத்தான். சாவிக்குள் உள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். அது வேலை செய்ய எதிர் வீட்டுக்காரர் எழுந்து வர வேண்டியதில்லை. ஐரோப்பிய யூனியனில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். உங்கள் காரிலும் இருக்கலாம், டீலரிடம் கேளுங்கள். இருந்தால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ரிமோட் ஸ்டார்ட் வசதி வைத்துத் தருகிறேன் என்று சிலர் உங்கள் இரண்டாவது சாவியைக் கேட்பார்கள். அதை ஸ்டியரிங்குக்கு அடியிலேயே நிரந்தரமாக ஒளித்து வைத்து இம்மொபிலைசரை ஏமாற்றத்தான் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள்.