டிஃபோல்ட் ஒன்றும் உங்கள் பெரியப்பா இல்லை

ஐரி தொழிற்பயிற்சி செய்யும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "அண்ணா, எந்தக் கிளவுட் சான்றிதழ் எடுத்தால் நல்லது?" எடுங்கள், எதுவானாலும் நல்லதுதான். ஆனால் அதைவிட முக்கியமான ஒரு பழக்கம் இருக்கிறது. கொன்சோலில் 'சேவ்' பொத்தானை அழுத்த முதல், அந்தத் திரையில் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும் எண்களை யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று கேட்கும் பழக்கம். எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

என் வேலையில் நான் அதிகம் பார்ப்பது மெசேஜ் கியூ. அதாவது செய்தி வரிசை. ஒரு மென்பொருள் செய்தியைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். இன்னொன்று தனக்கு வசதியான நேரத்தில் எடுக்கும். பாசல் போன்ற ஊரில் மருந்துக் கம்பனி, வங்கி, ஆய்வுகூடம் என்று எங்கே போனாலும் இப்படி ஒரு வரிசை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதிகம் பாவிக்கப்படுபவற்றில் ஒன்று கஃப்கா. லிங்க்ட்இன் நிறுவனத்துக்குள் உருவாகி 2011இல் திறந்த மூலமாக வெளிவந்தது. அதை உருவாக்கிய மூவரில் ஒருவர் புனேயில் வளர்ந்த நேஹா நார்க்கடே. முன்பு இதை நிறுவுவதற்கே ஒரு குழு வேண்டும். இன்று அமேசனின் எம்.எஸ்.கே போன்ற சேவைகளில் சில கிளிக்குகளோடு கிளஸ்ரர் ஓடத் தொடங்கிவிடும். வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் அந்த வேலைக்குள் இருந்த முடிவுகள் எங்கும் போகவில்லை. அவை டிஃபோல்ட் என்ற பெயரில் ஒளிந்திருக்கின்றன.

எங்கள் வீடுகளில் நடக்கும் சீட்டை நினைத்துப் பாருங்கள். கணக்குக் கொப்பி ஒருவரிடம் மட்டும் இருந்தால் பயம் என்று மூன்று பேர் மூன்று கொப்பி வைத்திருக்கிறார்கள். ஒருவர் தலைவர். அவர் எழுதுவதைப் பார்த்து மற்ற இருவரும் எழுதுவார்கள். நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். "பதிஞ்சாச்சு" என்று எப்போது சொல்ல வேண்டும்? தலைவர் எழுதியவுடனா, மூவரும் எழுதிய பிறகா?

கஃப்காவில் 'அக்ஸ்' என்ற அமைப்பு கேட்பது இதே கேள்வியைத்தான். அக்ஸ் 1 என்றால் தலைவர் எழுதினால் போதும். மற்றவர்கள் எழுத முதல் தலைவரின் கொப்பி எரிந்துபோனால் உங்கள் காசுக்குக் கணக்கே இல்லை. ஆனால் உங்களுக்கோ "பதிஞ்சாச்சு" என்று பதில் வந்திருக்கும். 2021 செப்ரெம்பரில் 3.0 பதிப்பு வரும்வரை டிஃபோல்ட் இந்த 1தான். அந்தப் பதிப்பில்தான் அதை 'எல்லாரும்' என்று மாற்றினார்கள்.

அதுவரை இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. 1 வேகமானது. கஃப்கா பிறந்த இடத்தில் பயணித்தவை பெரும்பாலும் யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பது போன்ற பதிவுகள். அதில் ஒன்று தொலைந்தால் யாரும் அழப்போவதில்லை. ஒருவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு தொலைந்தால் கதை வேறு. ஒரு டிஃபோல்ட், அதைப் போட்டவருக்கு என்ன முக்கியம் என்று சொல்லும். உங்களுக்கு என்ன முக்கியம் என்று அதற்குத் தெரியாது.

சரி, இப்போது 'எல்லாரும்' என்று மாறிவிட்டதே, நிம்மதிதானே? அங்கேதான் இரண்டாவது எண் வருகிறது: 'மின் இன்சிங்க் ரெப்ளிக்காஸ்'. கஃப்காவின் சொந்த டிஃபோல்டில் இது இன்றும் 1. 'எல்லாரும்' என்பதற்கு கஃப்கா வைத்திருக்கும் அர்த்தம், அந்த நேரத்தில் தலைவரோடு ஒத்து எழுதிக்கொண்டிருக்கும் எல்லாரும் என்பதுதான். கூட்டத்துக்குத் தலைவர் மட்டும் வந்திருந்தால் அவர் ஒருவரே 'எல்லாரும்'. இந்த எண்ணை 2 ஆக்கினால், குறைந்தது இருவர் இல்லாமல் எதையும் பதிய மாட்டோம் என்று பொருள்.

அப்படியென்றால் 3 போட்டுவிடலாமே என்று தோன்றும். பிரதிகளும் மூன்று, கட்டாயமும் மூன்று என்றால், பராமரிப்புக்காக ஒரு புரோக்கர் மறுபடி தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில் எழுதுவதே நின்றுவிடும். கிளவுட் நிறுவனங்கள் புரோக்கர்களை ஒவ்வொன்றாக நிறுத்தித்தான் திருத்தங்கள் செய்கின்றன. அதனால்தான் பிரதி மூன்று, கட்டாயம் இரண்டு என்ற கணக்குப் பரவலாக இருக்கிறது. மனப்பாடம் செய்தவருக்கு அது வெறும் 3, 2. காரணம் தெரிந்தவர் பிரதி இரண்டு மட்டும் உள்ள கிளஸ்ரரைக் கண்டால் அங்கே நின்று யோசிப்பார்.

மூன்றாவது எண் 168. கஃப்கா செய்தியை வைத்திருக்கும் டிஃபோல்ட் நேரம் 168 மணித்தியாலம், அதாவது 7 நாள். டிசம்பர் 23 மாலை செய்திகளை எடுக்கும் மென்பொருள் நின்றுபோகிறது என்று வைப்போம். எல்லாரும் விடுமுறையில். ஜனவரி 3 காலை வந்து பார்த்தால் முதல் நாட்களின் செய்திகள் அழிந்திருக்கலாம். அப்படியானால் நிரந்தரமாக வைத்திருப்போமா? 2023 செப்ரெம்பர் 1 முதல் சுவிஸில் திருத்தப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தனிநபர் தரவுகள் தேவை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும், அல்லது ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றப்பட வேண்டும். ஆக, அந்தப் பெட்டியில் போடும் எண்ணைப் பொறியியலாளர் தனியாக முடிவு செய்ய முடியாது. வியாபாரம் பார்ப்பவரிடமும் சட்டம் பார்ப்பவரிடமும் போய்க் கேட்க வேண்டும்.

கேட்பதுதான் எங்களுக்குக் கஷ்டம். பெரியவர்கள் சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மரியாதை வீட்டில் நல்லது. ஆனால் அதே பணிவோடு ஒரு திரையின் முன்னால் இருக்கும் இளம் பிள்ளைகளைக் காண்கிறேன். எண் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, பெரிய கம்பனி போட்டது, சரியாகத்தான் இருக்கும் என்று போய்விடுகிறார்கள். டிஃபோல்ட் உங்கள் பெரியப்பா இல்லை. திருப்பிக் கேட்டால் கோபிக்காது.

அதற்காகக் கொன்சோலே கூடாது என்று சொல்ல வரவில்லை. பார்ப்பதற்கும் பரிசோதனைக் கிளஸ்ரரில் விளையாடிப் பழகுவதற்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. உண்மையான கிளஸ்ரரை மாற்றுவதற்குத்தான் அது பொருத்தமில்லை. எம்.எஸ்.கேயில் அமைப்புகளைத் திருத்தும்போது பழையது அழியாது, புதிய திருத்த எண்ணோடு இன்னொன்று உருவாகும். யார் எப்போது மாற்றினார் என்பதையும் பதிவில் பார்க்கலாம். ஏன் மாற்றினார் என்பது மட்டும் அதில் இருக்காது. ரெராஃபோர்ம் போன்ற ஒன்றில் கோப்பாக எழுதி, இன்னொருவர் வாசித்துச் சம்மதித்த பிறகு ஓடவிட்டால் அந்த 'ஏன்' அங்கேயே இருக்கும். மேலும், சில மாற்றங்களுக்குத் திரும்பி வரும் வழியே இல்லை. ஒரு ரொப்பிக்கின் பார்ட்டிஷன் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

"கவனமாக இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவம். 2017 பெப்ரவரி 28 அன்று அமேசனின் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வட வேர்ஜினியாவில் சில மணித்தியாலம் முடங்கியது. அனுமதி உள்ள ஊழியர் ஒருவர், வழக்கமான செயல்முறைப்படி, சில சேர்வர்களை மட்டும் நீக்கக் கட்டளை கொடுத்தார். அதில் ஓர் உள்ளீடு தவறியதால் நினைத்ததைவிட அதிகமானவை நீங்கின. அதன்பின் அமேசன் அந்தக் கருவியையே மாற்றியது. இப்போது அது மெதுவாகத்தான் நீக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. திறமையானவருக்கும் கை தவறும். அதைத் தாங்கும் ஏற்பாடுதான் வேண்டும்.

ஆகவே சான்றிதழுக்குப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். வேலையிடத்தில் ஓடும் ஒரு கிளஸ்ரரில் ஓர் எண்ணை மட்டும் எடுங்கள். அது என்ன, இந்த அளவு ஏன், யார் சம்மதித்தார் என்று மூன்று வரி எழுதுங்கள். மூன்றாவது வரிக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், அடுத்த கூட்டத்தில் நீங்கள்தான் கை உயர்த்த வேண்டும்.