வாட்காப்புத் தகட்டில் ஒரு சிலுவை

ஜப்பானிய வாளில், அலகுக்கும் பிடிக்கும் இடையே, விரல்களுக்குக் காவலாய் நிற்கும் சிறு தகட்டை அந்நாட்டார் ‘த்சுபா’ என்பர். உள்ளங்கையில் அடங்கும் அவ்விரும்பிலே அலையும் புல்லும் நிலவும் வடித்த கம்மியரின் திறத்தைப் புகழாதார் இலர். 1876-ஆம் ஆண்டில் பொதுவிடங்களில் வாளணிதல் அரசாணையால் விலக்கப்பட்ட பின்னர், அளவிறந்த தகடுகள் வாளினின்று கழன்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. சித்திரங்கள் எளிதிற் சென்று சேர்ந்தன. அவற்றின் பெயர்களோ வழியிலேயே திரிந்துபோயின.

பெயரைச் சொற்சொல்லாய்ப் பிரித்தல் அரிதன்று. ‘அகிகுசா ஸு த்சுபா’ என்பதில் முறையே இலையுதிர்காலம், புல், சித்திரம், வாட்காப்பு என்னும் நான்கு சொற்கள் உள. அடை முன்னும் தலைமைச்சொல் பின்னுமாக நிற்றலின், தமிழ் மாணாக்கன் இதனை ஆங்கிலேயரைப்போலத் தலைகீழாக்கிப் படிக்க வேண்டுவதில்லை. இம்மட்டில் நாம் பாக்கியவான்களே! ஆயினும், ‘யத்சுஹாஷி’ என்னும் பெயரை அகராதி கொண்டு ‘எட்டுப் பாலங்கள்’ என மொழிபெயர்த்தவன் யாது கண்டான்? தகட்டில் இருப்பன சில பலகைகளும் நீர்க்கரைப் பூக்களுமே. ‘இசே மோனொகதாரி’ என்னும் பழங்கதை நூலில், தலைநகர் நீங்கிச் செல்வான் ஒருவன் அவ்விடத்தில் அப்பூக்களைக் கண்டு, மனைவியை நினைந்து, பூவின் பெயரெழுத்துக்களை அடிதோறும் முதலில் வைத்துப் பாடுகின்றான். அவனைக் கம்மியன் வரையவில்லை. வீட்டுக்காரன் வெளியே சென்றிருக்கும் சித்திரம் என்னும் கருத்தில் இம்முறையை ‘ருசு மோயோ’ என்பர். கதையறியாதவனுக்கு வீடும் வெறிது.

இதயவடிவான துளையொன்று சில தகடுகளிற் காணப்படும். காதற் சின்னமென மேல்நாட்டார் மகிழலாம்; ஜப்பானியர் அதனை ‘இனோமே’, அதாவது காட்டுப்பன்றியின் கண், என்று வழங்குவர்.

சிரிக்கத்தக்க இப்பிழையினும் பெரிது நம்மவர்க்கு நேரக்கூடியது. ‘ஜூஜி’ என்று பெயர்க்குறிப்புள்ள தகட்டைக் கண்டவுடன், ‘இதோ மறைவாய் விசுவாசங் காத்த கிறிஸ்தவனின் வாள்!’ என உள்ளம் துள்ளுகின்றது. 1614-ஆம் ஆண்டின் தடையையும், அதன்பின் இரத்தசாட்சிகளாய் மரித்தோரையும் அறிந்த நமக்கு அவ்வாவல் இயற்கையே. ஆனால், ‘ஜூஜி’ என்பதன் சொற்பொருள் ‘பத்து என்னும் எழுத்து’ என்பது மட்டுமே; அவ்வெழுத்து நேர்கோடும் குறுக்குக்கோடுமாய் அமைந்தது. கர்த்தர் அறையுண்ட மரத்துக்கு ‘ஜூஜிக்கா’ என வேறு சொல் உண்டு. மேலும், வட்டத்துக்குள் குறுக்குக்கோடிட்ட முத்திரை சத்சுமா நாட்டை ஆண்ட ஷிமாசு குடியினருக்கு உரியது. சேவியர் அடிகள் 1549-ஆம் ஆண்டில் அவர்களது ககோஷிமாவிற் கரையிறங்குமுன்பே குறுக்குக்கோட்டுக் குறி அவர்களிடம் இருந்தது.

மெய்யான கிறிஸ்தவச் சின்னமுடைய தகடு ஒன்றும் இல்லை என்று யான் கூறவில்லை. குறியொன்றையே சான்றாகக் கொண்டு அயலான் வாளை நம் சபைக்கு உரித்தாக்குதல் தகாது என்கிறேன். அது மெய்யாகவே துன்புற்றோரின் நினைவையும் மலிவாக்கும். விற்போனுக்குச் சிலுவை இலாபந் தருவது. அவன் சொல்லை நாம் ஏன் எதிரொலிக்க வேண்டும்?

ஆதலின், பொருட்சாலைகளின் பட்டியல்களில் மொழிபெயர்ப்போடு ஜப்பானியப் பெயரையும் அச்சிடல் வேண்டும். ‘சிலுவை’ என எழுதுமுன் ‘பத்து’ என எழுதட்டும். வட்டம் உண்டாயின் அதனையுங் குறிக்கட்டும். ஐயமுள்ளவிடத்தில் ஒரு வினாக்குறி இடுவதற்கு எவ்வளவு மை செலவாகும்?