மேற்கோளும் மெய்ப்பயனும்

தம் கருத்துக்கு அரணாக முன்னோர் கூற்றை எடுத்துக்காட்டுவது அறிவுலகின் நெடிய மரபு. நம் உரையாசிரியர்கள் முன்னை நூல்களிலிருந்து மேற்கோள் காட்டித் தம் உரைக்கு வலிமை சேர்த்தனர். அறிவியல் ஆய்வாளர்களும் அவ்வாறே பிறர் ஆய்வுகளைச் சுட்டுகின்றனர். ஆனால், இன்றைய அறிவியல் உலகம் மேற்கோள் காட்டுவதோடு நிற்கவில்லை. மேற்கோள்களை எண்ணவும் செய்கிறது.

யூஜின் கார்ஃபீல்டு 1964ஆம் ஆண்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். 2005ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் ‘எச்-குறியீடு’ என்னும் அளவையை முன்மொழிந்தார். ஒருவர் எழுதிய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் அவர் 20 என்னும் குறியீட்டை எட்டிவிட்டார் எனலாம். பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நல்கை ஆகியவற்றுக்கு இத்தகைய எண்கள் பார்க்கப்படுகின்றன. ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை ஓர் எண்ணுக்குள் அடக்கிவிட முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. வளிமண்டல வேதியியல் அறிஞர் மரியோ மொலினாவின் வாழ்க்கை அதற்குத் தக்க சான்று.

சிதையாப் பொருள் எங்கே செல்கிறது?

மொலினா 1943ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே வீட்டின் குளியலறை ஒன்றை ஆய்வகமாக்கிக்கொண்டார். வேதியியல் கற்ற அவருடைய அத்தை எஸ்தர் அவருக்குத் துணைநின்றார். பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றபின், 1973இல் கலிபோர்னியாவின் எர்வைன் பல்கலைக்கழகத்தில் ஷெர்வுட் ரோலண்டின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார்.

அங்கு அவர் தேர்ந்தெடுத்த வினா எளிமையானது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் குளோரோ புளோரோ கார்பன்கள் பயன்படுத்தப்பட்டு வந்தன. அவை எளிதில் தீப்பற்றுவதில்லை, எளிதில் சிதைவதுமில்லை. அதனாலேயே சிறந்த பொருள்கள் எனப் போற்றப்பட்டன. சிதையாத பொருள் காற்றில் கலந்தபின் எங்கே செல்கிறது?

அது மெல்ல அடுக்கு மண்டலத்தை அடைகிறது. அங்கே புறஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து குளோரின் அணுவை வெளியிடுகிறது. அவ்வணு ஓசோனை அழித்தபின் தான் அழியாமல் மீள்கிறது, மீண்டும் அழிக்கிறது. ஒரு குளோரின் அணு ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. ஓசோன் குறைந்தால் புறஊதாக் கதிர் புவியை மிகுதியாகத் தாக்கும். தோல் புற்றும் கண்புரையும் பெருகும். மொலினாவும் ரோலண்டும் இம்முடிவை 1974 ஜூன் 28 அன்று ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

எண் அறியாத உழைப்பு

அன்றைய நாளில் அக்கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை சுழியம். ஆனால், உலகம் அதற்குச் செவிசாய்த்திருக்க வேண்டிய நாளும் அதுவே. உற்பத்தி நிறுவனங்கள் அதனைக் கடுமையாக மறுத்தன. இருவரும் ஆய்வகத்திற்குள் ஒடுங்கிவிடவில்லை, செய்தியாளர்களிடம் பேசினர், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் விளக்கமளித்தனர். இவ்வுழைப்பு எந்த மேற்கோள் அட்டவணையிலும் இடம்பெறாது.

1985இல் ஜோசப் ஃபார்மன் முதலிய மூவர், அண்டார்டிகாவின் வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைவதை அறிவித்தனர். அவ்வறிவிப்புக்குப் பின்னே ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கால அளவீடு இருந்தது. ஆண்டுதோறும் அளந்து குறித்துவைக்கும் பணிக்குக் கைதட்டல் எழுவதில்லை. அப்பணி இல்லையேல் உண்மை வெளிப்பட்டிராது. துருவப் பகுதியில் மிதக்கும் பனித்துகள்களின் பரப்பில் குளோரின் சேர்மங்கள் எவ்வாறு வினைபுரிகின்றன என்பதை மொலினாவும் ஆய்வகத்தில் சோதித்து விளக்கினார். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1995இல் மொலினா, ரோலண்டு, பால் குருட்சன் ஆகியோர் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

அளவுகோலும் தீர்ப்பும்

எண்ணிக்கை முற்றிலும் பயனற்றதா? அன்று. பரிந்துரையும் செல்வாக்கும் தகுதியை மறைக்கும் இடங்களில் எண் ஒரு தடுப்பாக அமையலாம். பின்னாளில் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையை ஆயிரக்கணக்கான ஆய்வுகள் எடுத்தாண்டன என்பதும் உண்மை. எனினும், ஒரு கட்டுரை ஏற்கப்பட்டதற்காகச் சுட்டப்பட்டதா, மறுக்கப்பட்டதற்காகச் சுட்டப்பட்டதா என்பதை எண் கூறாது. ஆய்வாளர் பலர் உள்ள துறையில் மேற்கோள் பெருகும். சிலரே உள்ள துறையில் சுருங்கும். ஒருவரை ஒருவர் சுட்டி எண்ணிக்கையை உயர்த்திக்கொள்வாரும் உளர். ஆகவே, எண்ணை வழிகாட்டிப் பலகையாகக் கொள்ளலாம், நீதிபதியாகக் கொள்ளலாகாது. தீர்ப்பு வழங்க விரும்புவோர் கட்டுரையைப் படித்தே ஆகவேண்டும். அவ்வுழைப்புக்கு மாற்று இல்லை.

மொலினா 2020ஆம் ஆண்டு மறைந்தார். ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. அது முழுமையாக மீள இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அப்போது வெயிலில் விளையாடப்போகும் குழந்தைகள் எவரும் அவர் கட்டுரையை மேற்கோள் காட்டப்போவதில்லை. ஆயினும், அதன் பயனை நுகர்வர். மதிப்பெண்களால் அளக்கப்படும் பருவத்தில் இருக்கும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. மொலினாவை உயர்த்தியது அவர் பெற்ற எண் அன்று. அவர் எழுப்பிய வினாவும், விடை கிடைத்தபின் வாய்மூடி இராத துணிவுமே ஆகும்.